சாம்பல் நிறத்தின் பாடம்

கல்லீரல் படத்தைப் படிக்கப் பழகும் இளம் மருத்துவருக்கு முதல் பாடம், கல்லீரலைத் தனியாகப் பார்க்காதே என்பதுதான். அல்ட்ராசவுண்டில் பக்கத்திலுள்ள வலது சிறுநீரகத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்வார்கள். இரண்டின் சாம்பல் நிறமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கல்லீரல் மட்டும் வெளுத்துப் பளிச்சிட்டால் கொழுப்பு படிந்திருக்கலாம்.

அடுத்து, இடம் சொல்லும் கலை. பிரெஞ்சு மருத்துவர் க்ளோட் குயினோ 1957இல் ரத்தக்குழாய்க் கிளைகளைக் கொண்டு கல்லீரலை 8 பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். ‘ஏழாம் பகுதியில் கட்டி’ என்றாலே அறுவை மருத்துவருக்குப் போதும்.

என்னை மயக்குவது சி.டி. ஸ்கேனின் நேரக்கணக்கு. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. மீதி தமனி வழியாக. கல்லீரல் செல் புற்றுநோயோ பெரும்பாலும் தமனியை நம்பியே வளர்கிறது. அதனால் சாய மருந்து ஏற்றிய அரை நிமிடத்தை ஒட்டி அது மின்னும். சில நிமிடங்களில் சுற்றியுள்ள திசுவைவிட மங்கிவிடும். ஆபத்தில்லாத ரத்தக்குழாய்க் கட்டி ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல நிரம்பும். கல்லீரல் தழும்பேறிய சிரோசிஸ் நோயாளியிடம் அந்த மின்னலும் மங்கலும் தெளிவாக அமைந்தால், பல நேரம் ஊசி குத்தித் திசு எடுக்காமலே நோயைச் சொல்லிவிடலாம்.

நல்ல ஆசிரியர் நோயின் பெயரை உடனே கேட்பதில்லை. “என்ன தெரிகிறது, அதை முதலில் சொல்” என்பார். கண்டதைக் கண்டபடி சொல்லப் பழகியவருக்கே நோயின் பெயர் பிழையில்லாமல் வாய்க்கும்.