சிற்றொளியும் பேரொளியும்

ஒளியைப் பாடாத புலவர் இல்லை. ஒளியை நாடாத ஓவியர் இல்லை. ஒளியை ஆராயாத அறிவியல் இல்லை. ஆயினும் ஒளியைப் பற்றிய நம் திறனாய்வு பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அடங்கிவிடுகிறது. ஒளி என்றால் அறிவு. இருள் என்றால் அறியாமை. இவ்வாய்பாட்டைக் கையில் ஏந்தி எந்நூலினுள்ளும் எளிதில் புகலாம். நூலில் எரியும் விளக்கைக் காணாமலே வெளிவந்தும் விடலாம். தமிழின் சிறந்த படைப்புகள் ஒளியின் மிகுதியைப் போற்றுவதினும் அதன் அளவையும் பயனையுமே கூர்ந்து நோக்கின என்பதும், ஓவியமும் அறிவியலும் இதற்குச் சான்று பகர்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

நிமிர்ந்த சுடரும் சாய்ந்த சுடரும்

நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையை முதற்கண் நோக்குவோம். கார்மேகம் வானை மூடியிருக்கிறது. பகல் எது, மாலை எது என்று புலப்படவில்லை. நகர மகளிர் பிச்சியின் அரும்பு அவிழும் மணத்தைக்கொண்டு மாலைப்பொழுதை அறிகின்றனர். அறிந்த பின்னரே இரும்பால் செய்த விளக்கில் நெய் தோய்ந்த திரியை ஏற்றி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். கண்ணால் அறிய இயலாததை மூக்கு அறிவிக்க, அதன் பின்னர்த் தோன்றுகிறது விளக்கு.

இக்காட்சியின் நுட்பம் அந்தமானில் வாழும் நமக்கு எளிதில் விளங்கும். இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுவது. நம் ஷாதிபூரோ அதற்கு ஏறத்தாழப் பத்துப் பாகை கிழக்கே உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாக, நம் கதிரவன் கடிகாரத்தை நாற்பது நிமிடம் முந்துகிறான். டிசம்பர்த் திங்களில் மாலை ஐந்து மணியளவிலேயே ஞாயிறு மறைகிறது. கடிகாரம் பொழுது இருப்பதாகச் சொல்ல, விளக்கை ஏற்றுகிறோம் நாம். பொழுதை அறியக் கருவி மட்டும் போதாது என்பதை அப்பழம்புலவர் அன்றே உணர்ந்திருந்தார்.

பாட்டு மேலும் செல்கிறது. அரண்மனையில் யவனர் செய்த பாவை ஏந்திய அகலில், நெய் குறையுந்தோறும் பெய்யப்பட்டுச் சுடர் நிமிர்ந்து எரிகிறது. அச்சுடரின் கீழ் அரசி ஆறாத் துயரோடு இருக்கிறாள். பாசறையிலோ வாடைக்காற்று வீசுந்தோறும் விளக்குகளின் சுடர்கள் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. அந்நள்ளிரவில் அரசன் உறங்காது நடந்து புண்பட்ட வீரரைக் கண்டு ஆற்றுகிறான். நிமிர்ந்த சுடரின் கீழ் ஒரு நெஞ்சம் சாய்ந்திருக்கிறது; சாய்ந்த சுடரின் கீழ் ஓர் உள்ளம் நிமிர்ந்து நிற்கிறது. ‘ஒளி அறிவு, இருள் அறியாமை’ என்னும் வாய்பாடு இங்கே எதனை விளக்கும்? காற்றின் திசை, பருவத்தின் குளிர், தலைவியின் தனிமை, தலைவனின் கடமை ஆகிய நான்கையும் இரு சுடர்களின் நிலையால் உணர்த்திவிடுகிறார் நக்கீரர்.

புகார்க் கரை

இனி இதற்கு எதிரான காட்சியொன்றைக் காண்போம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், விடியலுக்கு முன் புகார்க் கடற்கரை விளக்குகளால் நிறைந்திருக்கிறது. சாந்து விற்போர், மலர் விற்போர், பண்ணியம் விற்போர், மீன் விற்போர், காவலர், வேற்றுநாட்டு வணிகர் என ஒவ்வொருவர்க்கும் ஒரு விளக்கு. போதாதற்குப் பரதவர் படகு விளக்கும் கலங்கரை விளக்கமும் சேர்கின்றன. மாவென நுண்ணிய மணலில் ஒரு வெண்கடுகு விழுந்தாலும் கண்டெடுக்கலாம் என்னும் அளவுக்கு வெளிச்சம்.

இளங்கோவடிகளின் திறம் இதன்பின் விளங்குகிறது. கடுகும் தெரியும் அதே கரையில்தான் கோவலனுக்கு மாதவியின் உள்ளம் தெரியாமற்போகிறது. கானல்வரியில் அவள் பாடியதைப் பிறிதாகக் கொண்டு பிரிகிறான். காப்பியத்தின் துன்பமெல்லாம் அப்பிரிவிலிருந்து தொடங்குகிறது. விளக்குகளின் அந்நீண்ட பட்டியலை நகர வளத்தின் வருணனை என்று மட்டும் கொள்வோர், அதன் உட்பொருளை இழந்தவராவர். மணலைக் காட்டும் வெளிச்சம் மனத்தைக் காட்டுவதில்லை.

பெரும்பாணாற்றுப்படையின் கலங்கரை விளக்கமோ வேறு வகை. ஏணி சார்த்தி ஏறுதற்கும் அரிய உயர்ந்த மாடத்தில் இரவில் ஒரு தீ எரிகிறது. கடலில் திசையறியாது ஓடும் கலங்களை அது கரைக்கு அழைக்கிறது. அத்தீ கடலின் இருளைப் போக்குவதில்லை. போக்கவும் வேண்டுவதில்லை. சூழ்ந்திருக்கும் இருளே அதனைத் தொலைவிலும் தெரியச் செய்கிறது. பழைய இருபது ரூபாய்த் தாளில் இடம்பெற்ற நம் நார்த் பே கலங்கரை விளக்கமும் இம்மரபின் வழித்தோன்றலே.

சுவரோவியமும் சிறைச் சாளரமும்

தஞ்சைப் பெருங்கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதன் கருவறையைச் சூழ்ந்த இருண்ட குறுகிய நடைவழியில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். சுந்தரர் கயிலை செல்லும் காட்சியும் திரிபுரம் எரித்த கோலமும் அவற்றுள் அடங்கும். ஐரோப்பிய ஓவியர் ரெம்பிராண்ட் ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சத்தைப் பாய்ச்சி, மறுபக்கத்தை நிழலில் ஆழ்த்துவார். சோழ ஓவியத்திலோ உருவங்களின் நிழல் தரையில் விழுவதில்லை. ஒளி வெளியிலிருந்து வந்து படாமல், கோட்டின் வளைவிலும் வண்ணத்தின் ஏற்றத்தாழ்விலும் உறைந்திருக்கிறது.

1906இல் கட்டிமுடிக்கப்பட்ட நம் செல்லுலார் சிறையில், ஒவ்வொரு தனியறையிலும் கைக்கு எட்டாத உயரத்தில் சிறு சாளரம் ஒன்றே பின்சுவரில் உண்டு. ஒளியை அளந்து கொடுப்பதும் தண்டனையின் ஒரு கூறாயிற்று. இன்று அவ்வளாகத்தில் ஒலி-ஒளிக் காட்சி நடைபெறுகிறது. வண்ண விளக்குகள் சுவரில் பாய்ந்து வரலாறு கூறுவதை நாம் குறைகூறவில்லை. எனினும் பகலில் ஓர் அறையினுள் நின்று அச்சாளரத்தை அண்ணாந்து பார்ப்பவர் பெறும் உணர்வை அவ்வண்ணங்கள் தரமாட்டா.

கோடியில் ஒன்று

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். கடலின் நிறம் வானத்தின் எதிரொளியே என்று ரேலே பிரபு கூறியிருந்தார். இராமன் நிக்கோல் பட்டகத்தின் வழியே நோக்கி அவ்வெதிரொளியை விலக்கினார். நீலம் குன்றவில்லை, மேலும் பொலிந்தது. நீர் செந்நிறக் கதிர்களை உட்கொள்வதும், நீர் மூலக்கூறுகள் நீலத்தைச் சிதறடிப்பதும் சேர்ந்தே கடலை நீலமாக்குகின்றன என்பது இன்றைய தெளிவு.

அவ்வியப்பு 1928 பிப்ரவரி 28இல் கனிந்தது. கல்கத்தாவில் இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கதிரொளியை ஒரு வண்ண வடிகட்டி வழியே நீர்மத்தினுள் செலுத்தினர். அதற்கு மாறான மற்றொரு வடிகட்டி வழியே நோக்கினர். விதிப்படி அங்கு முழு இருள் இருத்தல் வேண்டும். ஆனால் மங்கிய ஒளியொன்று எஞ்சியது. ஏறத்தாழக் கோடி ஒளித்துகளில் ஒன்று தன் நிறம் மாறிச் சிதறியதன் விளைவு அது. 1930இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது ஞாயிற்றின் பேரொளி அன்று. அதனை வடிகட்டி விலக்கிய பின் எஞ்சிய சிற்றொளியே.

ஒளி மிகுவதால் வரும் கேட்டையும் இத்தீவுகளில் காணலாம். வட அந்தமானின் காளிப்பூர் முதலிய கரைகளில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. இரவில் வெளிவரும் குஞ்சுகள், கடலின் பக்கமுள்ள மெல்லிய வெளிச்சத்தை நோக்கி நகரும் இயல்பின. கரையில் மின்விளக்குகள் மிகுந்தால் அவை கடலை விட்டு நிலத்தை நோக்கித் திரும்பி மடிகின்றன. புகார்க் கரையில் கோவலன் வழிதவறியது போன்றதே இதுவும்.

எனவே நம் இளங்கவிஞர்களுக்கும் திறனாய்வாளர்களுக்கும் ஒன்று கூற விழைகிறோம். ‘ஒளி’ என்னும் சொல்லை எழுதுமுன், அது எந்த விளக்கின் ஒளி, யாருக்காக ஏற்றப்பட்டது, எக்காற்றில் எரிகிறது என்று வினவுங்கள். விடை கிடைக்குமாயின் எழுதுங்கள். உவமைப் பேரொளிகளால் பக்கங்களை நிரப்புவதினும், வாடையில் சாயும் ஒரு சுடரைச் சாயும் திசையோடு காட்டுவதே நக்கீரர் வழி வந்தோர்க்கு ஏற்ற பணியாகும்.