ஈக்வலைசர் எதைத் திருத்துகிறது?

போனில் ஈக்வலைசரைத் திறந்தால் ராக், பாப், ஜாஸ், கிளாசிக்கல், டான்ஸ் என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலே அடிப்படையில் தப்பு என்பதுதான் இந்தக் குறிப்பின் வாதம். கர்நாடக சங்கீதம் கேட்கிறவர் இதில் எதைத் தொடுவார்? "கிளாசிக்கல்" என்றுதானே? ஒரு செயலியில் அந்தப் பெயருக்குப் பின்னால் ட்ரெபிளைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்றில் அதையே ஏற்றி வைத்திருக்கிறார்கள். பெயர் ஒன்று, வளைவு வேறு. ட்ரெபிளைக் குறைத்தால் முதல் அடி தம்புராவுக்குத்தான். ஜீவா நூல் வைத்து வரவழைக்கிற அந்த ரீங்காரம் முழுக்க மேல் அலைவரிசைகளில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். ஒரு பாட்டு நம்மிடம் வருவதற்கு முன்பே அதற்கு ஈக்வலைசர் வைத்தாகிவிட்டது. குரலில் எது தூக்கலாக இருக்கணும், டிரம்ஸில் எது அடங்கணும் என்று ஒலிப்பொறியாளர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். ராக் பாட்டுக்கு "ராக்" பிரீசெட் போடுவது, உப்புப் போட்டு இறக்கிய குழம்பைப் பார்த்து "குழம்புன்னா உப்பு வேணும்ல" என்று இன்னொரு பிடி போடுவது மாதிரி.

சரி, அது உண்மையில் என்னதான் செய்கிறது? ஈக்வலைசருக்கு வாத்தியம் தெரியாது, அலைவரிசை மட்டும்தான் தெரியும். டி.எம்.எஸ். பாடிய ஒரு பழைய மோனோ பாட்டில் மிருதங்கமோ தபலாவோ இன்னும் கொஞ்சம் கும்மென்று வரட்டும் என்று 125, 250 ஹெர்ட்ஸ் பட்டைகளை 8 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். ஆண் குரலின் அடிச்சுருதி உலாவுகிற இடமும் அதுதான். தாளம் கனமாகும், கூடவே குரலும் குடத்துக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிடும். ரசத்தில் கரைந்த உப்பைத் தனியாக எடுக்க முடியாது. ஸ்டீரியோவிலும் இதே கதைதான். தமிழின் முதல் ஸ்டீரியோ ஆல்பம் என்று சொல்லப்படும் 'ப்ரியா' (1978) ஆனாலும் சரி, நேற்று வந்த பாட்டு ஆனாலும் சரி, ஒரு பட்டையை ஏற்றினால் அதில் இருக்கிற எல்லாமே ஏறும். யூடியூபில் "பேஸ் பூஸ்டட்" என்று போட்டு வருகிற பழைய பாட்டுகள் பெரும்பாலும் இந்தக் குடம்தான்.

மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். சாதாரணமாகத் தோல் வாத்தியத்தின் மேல் அதிர்வுகள் ஒத்திசையாக இருக்காது. அதனால் அதற்குத் தெளிவான சுருதி வராது. வலந்தலையின் நடுவில் பூசுகிற கருப்புக் கரணைதான் அந்த அதிர்வுகளை இழுத்து ஒத்திசைக்குள் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பேஸை மட்டும் ஏற்றும்போது தொப்பியின் கும்கி மேலே வந்து, சுருதி சேர்ந்த வலந்தலை நாதத்தை மூடிவிடும். மிருதங்கத்தைக் கூட்டுவதாக நினைத்து, அதன் சிறப்பையே குறைத்துவிடுகிறோம்.

அப்படியென்றால் ஈக்வலைசரே வேண்டாமா? வேணும். பாட்டைத் திருத்த அல்ல, நமக்கும் பாட்டுக்கும் நடுவில் இருப்பதைத் திருத்த. அங்கே மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, இயர்ஃபோன். நம் காதுக்குழாய் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் இயல்பாகவே ஒலியை உயர்த்தும். இயர்ஃபோனைச் செருகினால் அந்த இயல்பு மாறிவிடும்; அதை இயர்ஃபோனே ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு என்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. ஷான் ஓலிவும் டாட் வெல்ட்டியும் 2013 வாக்கில் ஹார்மன் நிறுவனத்தில் ஆட்களைக் கேட்க வைத்து உருவாக்கிய வளைவுதான் இன்று பலருக்கு அளவுகோல். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிக்கிற மாதிரி ஹெட்ஃபோனும் ஒலித்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்பது அதன் சாரம். கவனியுங்கள், பெரும்பாலோருக்கு. எல்லோருக்கும் இல்லை. அதை வைத்துத் தயாரித்த ரெடிமேட் அமைப்புகள் நல்ல தொடக்கம், ஆனால் அளந்தது செயற்கைக் காதில். மேல் அலைவரிசைகளில் உங்கள் காதின் வடிவம் வேற, அதன் வடிவம் வேற.

இரண்டாவது, சுற்றுச் சத்தம். அரியூர் நாட்டுக்கு வருகிறவர்கள் இதைச் சுலபமாகச் சோதிக்கலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முக்கி முக்கி ஏறும்போது இன்ஜினின் அடிச்சத்தம் பாட்டின் பேஸை அப்படியே விழுங்கிவிடும். போதாக்குறைக்குக் காதும் அடைத்துக்கொள்ளும். பேஸை ஏற்றினால்தான் பாட்டு பாட்டாகக் கேட்கும். அதே அமைப்பை மாற்றாமல், ராத்திரி எட்டு மணிக்கு மேல் இங்கே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். தாங்காது. பாட்டு அதேதான், இயர்ஃபோனும் அதேதான். சுற்றியிருந்த சத்தம் மட்டும் இல்லை. "எனக்கு இந்த செட்டிங்தான் செட் ஆகும்" என்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எங்கே உட்கார்ந்து கேட்டீங்க?"

மூன்றாவது, சத்தத்தின் அளவு. சத்தம் குறையும்போது நம் காது பேஸைத்தான் அதிகம் இழக்கிறது என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்தது இதற்காகத்தான். மெதுவாகக் கேட்பவருக்குக் கொஞ்சம் கூடுதல் பேஸ் நியாயம். வால்யூமை ஏற்றிய பிறகும் அதை வைத்திருப்பது நியாயமில்லை.

இதற்கெல்லாம் மேலே பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஆடி மாதம் கோயில் குழாய் ஸ்பீக்கரில் போடுகிற பாட்டு, பள்ளத்தைத் தாண்டி எதிர்ச் சரிவுக்கும் கேட்கும். அந்தக் குழாயில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிசாக எதுவும் வராது. மேல் அலைவரிசைகளைத் தூரமும் காற்றும் தின்றுவிடும். மிஞ்சுவது நடுப்பகுதி மட்டும். ஆனாலும் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்கிறது. அடிச்சுருதி வராவிட்டாலும், அதன் மேல் ஒத்திசைகளை வைத்து மூளை அதைக் கட்டிக்கொள்ளும். நம்மில் பலருக்கு ஒரு பாட்டின் "ஒரிஜினல்" சத்தம் என்பது இந்தக் குழாயோ, வானொலிப் பெட்டியோ, பஸ் ஸ்பீக்கரோ கொடுத்ததுதான். அதனால் அளவுகோல் சரி என்று சொல்வது சிலருக்கு அந்நியமாகக் கேட்கும். அதில் தப்பில்லை. அது நினைவு, திருத்தம் இல்லை என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

நான் செய்கிற முறை இதுதான். முதலில் இயர்ஃபோனின் ரப்பர் முனை காதில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அது தளர்ந்திருந்தால் பேஸ் கசிந்துவிடும். ஈக்வலைசரில் தேடிப் பயனில்லை. பிறகு எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, மனப்பாடமாகத் தெரிந்த மூன்று பாட்டுகள்: ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், ஒரு வாத்தியக் கச்சேரி. எது உறுத்துகிறதோ அதைக் குறைப்பேன். 'ச', 'ஸ' காதைக் குத்தினால் 6000 முதல் 8000 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல். குரல் குடத்துக்குள் இருந்தால் 250-ல் 2 டெசிபல். எதையாவது 4 டெசிபல் ஏற்றினால் ப்ரீஆம்பை 4 டெசிபல் இறக்கிவிடுவேன், இல்லையென்றால் உச்சத்தில் ஒலி கிழியும். ஈக்வலைசரை அணைத்து, போட்டு ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஏனென்றால் கொஞ்சம் சத்தமாகக் கேட்பதையே காது "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடும். பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

கடைசியாக ஒன்று. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், அவ்வளவுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஸ் இரைச்சலை பேஸாலும் வால்யூமாலும் ஜெயிக்கப் பார்த்தால் அந்தக் கணக்கு சீக்கிரமே தீர்ந்துவிடும். ஒருமுறை போன செவிநரம்பைத் திரும்பக் கொண்டுவர எந்த பிரீசெட்டும் கிடையாது. பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். பாட்டை மேலே வந்து கேட்டுக்கலாம்.