பாண்டியன் நல்லெண்ணத்துடன் செய்தானா?

சிலப்பதிகாரத்தைப் பாடஞ் சொல்லும் வகுப்புகளிலே பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றி ஒரு தீர்ப்பு நெடுநாளாக வழங்கி வருகிறது. அவன் உள்ளத்தில் வஞ்சமில்லை. பொற்கொல்லன் பொய்யால் ஏமாந்தான். உண்மை வெளிப்பட்டதும் உயிர் துறந்தான். ஆதலின் அவன் குற்றமற்றவன் என்பதே அத்தீர்ப்பு. அவனிடம் வஞ்சமில்லை என்பதும், உயிர் துறந்தான் என்பதும் காப்பியம் காட்டும் உண்மைகள். ஆனால், அவற்றிலிருந்து "குற்றமற்றவன்" என்ற முடிவு பிறக்குமா? தீய எண்ணமின்றிச் செய்தவையெல்லாம் நல்லெண்ணத்துடன் செய்தவை ஆகிவிடுமா? ஆராய வேண்டியது இதுவே.

இக்கேள்விக்குச் சட்ட நூலார் இருவேறு விடைகள் கூறியுள்ளனர். இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுச் சீட்டுச் சட்டத்தின்படி, நேர்மையாகச் செய்த செயல் நல்லெண்ணத்துடன் செய்ததே. செய்தவன் கவனக்குறைவாக இருந்தானா என்று பார்க்க வேண்டுவதில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமோ இதற்கு நேர்மாறானது. உரிய கவனமும் கருத்தும் இன்றிச் செய்த எதுவும், உரிய கவனமும் கருத்தும் இன்றி நம்பிய எதுவும், நல்லெண்ணத்தின்பாற்படாது என்பது அதன் 52ஆம் பிரிவு. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1872இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அதனை அடியொற்றியதே. இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. இந்தியாவில் 2024 சூலை முதல் நாளன்று பழைய சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்தபோதும் இவ்வரையறை மாறவில்லை.

இவ்விரு விடைகளும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும், தத்தம் இடத்தில் பொருந்துவனவே. மாற்றுச் சீட்டு கைமாறிக்கொண்டே இருப்பது. வாங்குவோன் ஒவ்வொருவனும் அதன் பிறப்பு வளர்ப்பையெல்லாம் துருவத் தொடங்கினால் வாணிகம் நின்றுபோகும். தண்டனைச் சட்டமோ பிறர் உடலுக்கும் உயிருக்கும் நேரும் தீங்கைப் பற்றியது. அங்கே இழந்ததை மீட்டுக் கொடுக்க வழியில்லை. ஆதலின், தீங்கு எவ்வளவு மீளாததோ அவ்வளவுக்கு ஆராய்ச்சியும் வேண்டும் என்பது இவ்வேறுபாட்டிலிருந்து பெறப்படும் நெறி. தமிழில் இச்சொல்லை "நல்லெண்ணம்" என்றும் "நன்னம்பிக்கை" என்றும் வழங்குவர். முன்னது செய்தவனின் நெஞ்சை மட்டும் சுட்டும். பின்னது, அவன் கொண்ட நம்பிக்கை நன்றாக ஆராய்ந்து கொண்டதுதானா என்று மேலும் ஒரு படி சென்று கேட்கும்.

இனிக் காப்பியத்திற்கு வருவோம். ஊடல் கொண்டு சென்ற கோப்பெருந்தேவியைத் தேடி அரசன் விரைகின்றான். வழியில் பொற்கொல்லன் வணங்கி, அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகின்றான். அரசன் ஊர்காப்பாளரை அழைத்து, தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வருமாறு ஆணையிடுகின்றான். இவ்வாணையில் "இருந்தால்" என்னும் நிபந்தனை உள்ளது என்பதை மறுக்க இயலாது. அரசனுக்காக வாதிடுவோர் பற்றக்கூடிய கொழுகொம்பு இதுவே. ஆனால், அச்சிலம்பு தேவியுடையதுதானா என்று பார்த்துச் சொல்லுதற்கு உரியவர் யார்? தேவி அந்தப்புரத்தில் இருக்கின்றாள். காவலர் அதன் அடையாளம் அறியாதவர். அறிந்தவனாக உடன் சென்றவன் பொற்கொல்லன் ஒருவனே; உண்மையில் திருடியவனும் அவனே. நிபந்தனை விதித்த அரசன், அதைச் சோதிக்கும் பொறுப்பைத் திருடனிடமே விட்டுவிட்டான்.

காவலர் நிலை இன்னும் எண்ணத்தக்கது. கோவலனின் தோற்றத்தைக் கண்டதும் இவன் கொலைக்குரிய கள்வனல்லன் என்று அவர்கள் ஐயுறுகின்றனர். பொற்கொல்லனோ மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் கள்வர் கையாளும் எட்டு வழிகளை அடுக்கிக் களவு நூல் பேசுகின்றான். அப்பேச்சின் முன் ஐயம் தளர்கிறது. கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். ஐயம் எழாமல் தவறு செய்வது ஒருவகை. எழுந்த ஐயத்தைப் பிறர் சொல்வன்மைக்கு விட்டுக் கொடுப்பது இன்னொரு வகை. இரண்டாவதனை நல்லெண்ணம் என்று சொல்லுதல் மேலும் அரிது.

வழக்குரை காதையில் கண்ணகி அரசனை விளிக்கும் முதற் சொல்லே ஆராயாதவன் என்னும் பொருள் தருவது. பொய்யன் என்றோ கொடியவன் என்றோ அவள் தொடங்கவில்லை. அரசன், கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மையன்று எனத் தன் செயலுக்கு நியாயம் கூறுகின்றான். அந்த நெறியோடு அவள் வழக்கிடவுமில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். அரசன் தன் தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்கின்றான். சிலம்பு வருகிறது, உடைகிறது, உண்மை தெரிகிறது. மதுரையை எரித்த வழக்கு முழுதும் "பரல் என்ன?" என்னும் ஒரு கேள்வியில் தீர்ந்துவிட்டது. அதன் விடை முன்னமே அரண்மனையில் இருந்தது. அதைக் கேட்க ஒரு நாழிகைகூட வேண்டியதில்லை. உரிய கவனம் என்று சட்டம் வேண்டுவது இத்துணையே.

"எல்லாம் ஊழ்வினை, அரசனை நோவதேன்?" என்பார் உளர். ஊழ் உருத்து வந்து ஊட்டும் என்பது இளங்கோவடிகள் கருதிய மூன்று உண்மைகளுள் ஒன்றுதான். ஆயினும், ஆட்சியிற் பிழைத்தவர்க்கு அறமே கூற்றுவனாகும் என்பதையும் அவரே அம்மூன்றனுள் வைத்தார். ஊழ் பிழையைத் துடைத்துவிடும் என்று கருதியிருப்பின் இவ்வுண்மைக்கு இடமே இராது. சேரன் செங்குட்டுவன் பாண்டியனைப் புகழும் இடத்திலும், வளைந்த கோலை அவன் உயிர் நிமிர்த்தியது என்கின்றானேயன்றி, கோல் வளையவில்லை என்று கூறவில்லை. திருவள்ளுவரும் தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் இறுதியில், ஆராயாமல் ஒருவனை நம்புவதைத் தீராத் துன்பம் தருவதாக வைத்தார்.

எனினும், பாண்டியனிடத்து நல்லெண்ணமே இல்லை என்று முடிப்பதும் முறையன்று. அது பிந்தி வந்தது. அவையில் வந்து நின்ற பெண்ணின் சொல்லைத் தள்ளாமல் கேட்டான். தன் வழக்கைத் தோற்கடிக்கக்கூடிய உண்மையைத் தானே எடுத்துச் சொன்னான். சிலம்பைத் தருவித்து அவள் முன் வைத்தான். கண்ட உண்மைக்குத் தானே கள்வன் எனப் பெயரிட்டுக்கொண்டான். முதல் ஆணையில் இல்லாத கவனம் இங்கே முழுமையாக நிற்கிறது. அவனுடைய பெருமை இவ்விடத்தது. அதைக் கொண்டு முன்னைப் பிழையை மறைப்பது அப்பெருமையையும் குறைப்பதாகும். பிழையே இல்லையெனில் அவன் உயிர் கொடுத்ததற்குப் பொருளில்லை.

இக்காதைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனால் பயனுண்டு. வகுப்பில் ஒரு பொருள் காணாமற் போகிறது, ஒருவன் வந்து இன்னொருவனைக் காட்டிக் கொடுக்கின்றான், காட்டப்பட்டவன் தண்டிக்கப்படுகின்றான். பள்ளிகளில் நிகழக்கூடியதே இது. பாண்டியன் நல்லவனா கெட்டவனா என்னும் வினாவுக்கு மாணவர் ஒரு சொல்லில் விடை எழுதிவிடுவர். அவன் கேட்கத் தவறிய கேள்வி யாது, அதை எவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று வினவினால், அவர்கள் நூலைத் திறந்து காதைகளைப் படித்தே தீர வேண்டும்.