வாடகையை யார் கட்டுவது? 2020-இல் பதில் கிடைக்காத கேள்வி

2020 மார்ச் 29. ஊரடங்கின் ஐந்தாவது நாள். வாடகையைப் பற்றி அன்று ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள் வந்தன.

ஒன்று, மத்திய உள்துறை அமைச்சகத்தின் உத்தரவு. வெளியூர்த் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது, காலி செய்யச் சொன்னால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றது. இன்னொன்று டெல்லி முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவால் செய்தியாளர்களிடம் சொன்னது: வறுமையால் வாடகை கட்ட முடியாதவர்களுக்காக அரசே கட்டும்.

இரண்டும் நல்ல எண்ணம்தான். ஆனா ரெண்டுக்கும் பின்னால பணம் இல்லை. என் விமர்சனம் அதன் மேல்தான்.

முதலில் உத்தரவைப் பார்ப்போம். வாடகை கேட்காதே என்றால் அந்தச் சுமை வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. நகரத்தில் நாலு லைன் வீடு கட்டி விட்டிருப்பவர் எல்லாரும் பணக்காரர் இல்லீங்க. பலருக்கு அந்த வாடகைதான் வருமானம், அதிலிருந்துதான் வங்கிக் கடனும் கட்டணும். ஒரு மாதம் பொறுத்துக்கொள்வார். இரண்டாவது மாதம் பேச்சு மாறும்.

டெல்லி வாக்குறுதி நீதிமன்றம் வரை போனது. 2021 ஜூலை 22 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, முதல்வர் கொடுத்த வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும், ஆறு வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்றார். அரசு மேல்முறையீடு செய்தது. அது வாக்குறுதியே இல்லை என்று வாதாடியது. செப்டம்பர் 27 அன்று அந்தத் தீர்ப்புக்கு இரு நீதிபதிகள் அமர்வு தடை விதித்தது. சொன்ன நாளிலிருந்து ஒன்றரை வருஷம் ஓடிப்போச்சு. அதுவரைக்கும் எந்த வாடகைக்காரர் அதே அறையில் இருந்திருப்பார்?

இதே காலத்தில் அமெரிக்கா வாடகை உதவிக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியது. 2020 டிசம்பரில் 2,500 கோடி டாலர், 2021 மார்ச்சில் மேலும் 2,155 கோடி டாலர். அங்கேயும் ஆரம்பத்தில் பணம் நத்தை வேகத்தில்தான் நகர்ந்தது. கேட்ட காகிதங்கள் அத்தனை. பிறகு, ஆவணம் இல்லாதவர்களிடம் அவர்களே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியை ஏற்கச் சொல்லி விதிகளைத் தளர்த்தினார்கள். நெருக்கடி வந்த பிறகு விதிமுறை எழுத உட்கார்ந்தால் பணக்கார நாட்டிலும் தாமதம் ஆகும் என்பது இதில் உள்ள பாடம்.

'இதெல்லாம் பெருநகரத்துச் சமாச்சாரம், கச்சிராயபாளையத்துக்கு என்ன?' என்று கேட்கலாம். நம்ம ஊர் கல்வராயன் மலையின் அடிவாரம். மலை ஊர்களிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் கேரளா, கர்நாடகா, சென்னை என்று கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிறவர்கள் நிறைய. அங்கே அறை போனால் இங்கே வந்து அப்பா வீட்டுத் திண்ணையில் படுப்பார்கள்.

இவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றவர்கள் என்று சொல்வது நடைபாதை, மேம்பாலத்தடி, ரயில் நிலையம் போன்ற இடங்களில் தங்குபவர்களை. அப்படி நாடு முழுக்கச் சுமார் 17.7 லட்சம் பேர். அறையை இழந்து ஊர் திரும்பியவருக்கு அதில் இடம் இல்லை. 2020-இல் தமிழக அரசு அரிசி அட்டைக்குக் கொடுத்த 1,000 ரூபாயையும் ரேஷன் கடையில்தான் வாங்கணும். பெங்களூரில் மாட்டிக்கொண்டவரின் அட்டை இங்கே ஊரில் இருந்தால் அவர் அங்கே எப்படி வாங்குவார்?

நம்மிடம் வீடு கட்டித்தரும் திட்டம் இருக்கிறது. தெருவுக்கு வந்தவர்களுக்கு இரவுக் காப்பகமும் இருக்கிறது. நடுவில், வீடு கைநழுவும் அந்த இரண்டு மூன்று மாதத்துக்குத்தான் எதுவும் இல்லை. சர்வர் படுத்த பிறகு மட்டும் மணி அடிக்கும் கண்காணிப்பு மென்பொருளை என் தொழிலில் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டாங்க.

ஒரு எளிய கணக்கு. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். மாத வாடகை 3,000 என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்துக்கு 9,000. ஒரு வீட்டுக்கான பணத்தில் 38 குடும்பங்களை மூன்று மாதம் அதே அறையில் வைத்திருக்கலாம். வீடு நிரந்தரம், வாடகை கரைந்துபோகும்; உண்மைதான். அதனால் வீட்டுத் திட்டத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அறை போனால் கூடவே அட்வான்ஸ், வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் போகும். அதையெல்லாம் திரும்பச் சேர்க்க 9,000 போதாது.

வீட்டுக்காரர்களுக்குத்தானே லாபம், போலிப் பேர் நுழையாதா என்ற கேள்விகள் நியாயமானவை. உதவிக்கு உச்சவரம்பு வைக்கலாம். பணம் வாங்கும் வீட்டுக்காரர் ஆறு மாதத்துக்குக் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று நிபந்தனை போடலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருக்கிறது, இ-ஷ்ரம் தளத்தில் பதிவு இருக்கிறது. அதில் வேலை செய்யும் ஊரின் முகவரியையும் வாடகை விவரத்தையும் சேர்த்து வருஷா வருஷம் புதுப்பித்தால் பாதி வேலை முடிந்தது.

இதைச் செய்ய வேண்டிய நேரம் இப்போது. அடுத்த மந்தநிலை வரும்போது பட்டியலும் நிதியும் தயாராக இல்லாவிட்டால், மறுபடியும் ஒரு உத்தரவுதான் வரும். அதைக் காட்டி யாரும் வாடகை கட்ட முடியாது.