நீஸியா ஃபுளோரெஸ்டா: இரவற் குரலும் சொந்தக் குரலும்

ஒரு நூலைப் புகழ்வது எளிது. அந்நூல் எங்கிருந்து வந்தது என்று வினவுவது அரிது. பிரேஸில் நாட்டு இலக்கிய வரலாற்றில் இதற்கு நல்லதொரு சான்று உண்டு. கவிஞர், மொழிபெயர்ப்பாளர், ஆசிரியை என்னும் மூன்று நிலைகளிலும் தம் நாட்டுப் பெண்களுள் முன்னோடியாக நின்ற நீஸியா ஃபுளோரெஸ்டா அம்மையாரின் முதல் நூலே அச்சான்று.

அம்மையார் 1810ஆம் ஆண்டு பிரேஸிலின் வடகிழக்கே, பப்பாரி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டியோனீஸியா. எழுத்துலகில் அவர் சூடிக்கொண்ட முழுப்பெயர் நீஸியா ஃபுளோரெஸ்டா பிரஸிலெய்ரா அவுகுஸ்டா. முதற்சொல் இயற்பெயரின் சுருக்கம்; அடுத்தது பிறந்த பண்ணையின் பெயர்; மூன்றாவது தாய்நாட்டைக் குறிப்பது; இறுதியானது துணைவர் மனுவேல் அவுகுஸ்டோவின் நினைவு. பதின்மூன்று வயதில் செய்துவைக்கப்பட்ட முதல் மணம் நிலைக்கவில்லை. 1828இல் தந்தையார் கொலையுண்டார். 1833இல் துணைவரும் மறைந்தார். இரு குழந்தைகளோடு தனித்து நின்ற அவர், கற்பித்தலையே தம் வாழ்வுக்கு வழியாகக் கொண்டார்.

இத்துயரங்களுக்கு நடுவே, 1832இல் ரெசிஃபே நகரில் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. 'பெண்களின் உரிமைகளும் ஆண்களின் அநீதியும்' என்பது அதன் தலைப்பு. காட்வின் என்னும் ஆங்கில மாதின் நூலைப் பிரெஞ்சு வழியாகத் தழுவிப் பெயர்த்தது என்று அதன் முகப்பிலேயே கூறப்பட்டிருந்தது. காட்வின் என்பது மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் அம்மையாரின் கணவர்வழிப் பெயர். ஆகவே, 1792இல் அவர் எழுதிய பெண்ணுரிமை நூலின் தமிழாக்கம் போல, போர்த்துக்கீசிய ஆக்கம் இதுவே என்று பின்வந்தோர் முடிவு செய்தனர்.

இரு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு ஓர் இடர்ப்பாடு தோன்றியது. ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை. அதற்கும் திறனாய்வாளர்கள் ஒரு விளக்கம் கண்டனர். அம்மையார் ஆங்கில நூலைச் செரித்து, பிரேஸில் மண்ணுக்கேற்பப் புதிதாகப் படைத்துவிட்டார் என்றனர். அந்தப் 'படைப்பாற்றல்' நெடுங்காலம் பாராட்டப்பட்டது.

1996இல் வெளிவந்த தம் நூலில் மரியா லூசியா பல்லாரெஸ் புர்க்கே என்னும் ஆய்வாளர் இக்கட்டுக்கதையை உடைத்தார். அம்மையார் பெயர்த்தது வுல்ஸ்டன்கிராஃப்டின் நூலையே அன்று. 'சோஃபியா' என்ற புனைபெயரில் 1739ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ஒரு சிறுநூல் அது. அப்போது வுல்ஸ்டன்கிராஃப்ட் பிறக்கவே இல்லை! அச்சிறுநூலும் 1673இல் பூலேன் டி லா பார் என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதிய நூலிலிருந்து நிறையக் கடன்பட்டது. பெயரை மாற்றியது அம்மையாரின் குறும்பாகலாம் என்று புர்க்கே கருதினார். பின்வந்த ஆய்வுகள் அப்பழியையும் நீக்கின. 1826இல் பாரிஸில் வெளியான பிரெஞ்சுப் பெயர்ப்பிலேயே காட்வினின் பெயர் தவறாகப் பொறிக்கப்பட்டிருந்தது. அம்மையார் தம் கைக்கு வந்ததை வந்தவாறே சொன்னார், அவ்வளவே.

தமிழிலக்கணம் முதனூல் வேறு, வழிநூல் வேறு என்று வகுத்துரைக்கிறது. அரபுக் கல்வியிலோ, ஒரு செய்தியை ஏற்குமுன் அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தொடரை ஆராய்வது தொடக்கப் பாடம். இவ்விரண்டில் ஒன்றையேனும் அத்திறனாய்வாளர்கள் கடைப்பிடித்திருந்தால், இல்லாத திறனுக்குப் புகழ்மாலை சூட்டியிருக்கமாட்டார்கள்.

அப்படியாயின் அம்மையாரின் பெருமை குன்றியதா? இல்லை. இரவற் குரலை விலக்கிய பின்னரே அவருடைய சொந்தக் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது.

அக்குரல் முதலில் வகுப்பறையில் எழுந்தது. பிரேஸிலில் 1827ஆம் ஆண்டுச் சட்டம் சிறுமியருக்குத் தொடக்கப்பள்ளிகளை அனுமதித்தது. எனினும் அவர்களுக்குக் கணக்கில் நான்கு அடிப்படைச் செயல்கள் போதும், வடிவகணிதம் வேண்டா, வீட்டுவேலைப் பயிற்சி வேண்டும் என்று வரையறுத்தது. அத்தகைய நாட்டில், 1838இல் தலைநகர் ரியோ டி ஜெனீரோவில் அவர் திறந்த அவுகுஸ்டோ கல்விச்சாலை, பெண்பிள்ளைகளுக்கு இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம், வரலாறு, புவியியல் ஆகியவற்றைக் கற்பித்தது. 'நாக்குக்குத்தான் வேலை, ஊசிக்கு வேலை இல்லை' என்ற பொருள்பட நகரத்து ஏடொன்று எள்ளி நகையாடியது. அவர் கற்பிப்பதை நிறுத்தவில்லை.

கவிதையில் அவர் தனிவழி சென்றார். 1849இல் வெளிவந்த 'ஒரு காயெட்டேயின் கண்ணீர்' என்னும் நெடும்பாட்டின் தலைவன், போர்த்துக்கீசியரிடம் மண்ணை இழந்த பழங்குடியினன். அக்காலக் கவிஞர் பலர் பழங்குடியினனை வெற்றி வீரனாகப் பாட, அம்மையார் தோற்றவனாகப் பாடினார். பெர்னாம்புக்கோவில் அப்போதுதான் ஒடுக்கப்பட்டிருந்த கிளர்ச்சியின் துயரத்தையும் அதனோடு இணைத்தார். சுதந்திரம், மெய்ம்மை என்பவை உருக்கொண்டு பேசுமிடங்களில் பாட்டு தளர்கிறது. ஆயினும் தோல்வியுற்றோர் பக்கம் நின்று நாட்டைப் பார்த்த பார்வை அதற்கு நிலைத்த மதிப்பைத் தருகிறது.

அவருடைய உரைநடையின் முதிர்ந்த கனி, 1853இல் வந்த 'மனிதநேயச் சிறுநூல்'. பண்டை நாகரிகங்கள் தொடங்கித் தம் நாடு வரையில் பெண்கல்வியின் நிலையை அறுபத்திரண்டு பகுதிகளில் ஆராயும் இந்நூலே அவரை எடைபோடத்தக்க தராசு. 1832ஆம் ஆண்டு நூல், பெண்கள் ஆட்சிப் பதவிகளுக்கும் தகுதியுடையோர் என்று முழங்கியது. இந்நூலோ, நல்ல தாயாகவும் நற்குணம் உடையவளாகவும் விளங்கவே பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்ற எல்லைக்குள் பெரிதும் நின்றுவிடுகிறது. அம்மையார் பின்வாங்கிவிட்டார் என்று இதனைச் சிலர் குறைகூறினர். மூலம் தெரிந்த நமக்கு அக்குறை பொருந்தாது. முன்னது பிறர் சொல். பின்னது பல்லாண்டு பாடம் நடத்திய ஓர் ஆசிரியையின் சொல். அதன் எல்லை குறுகியதென்று நாம் சொல்லலாம். அது கடன்வாங்கியதென்று சொல்ல இயலாது.

1885இல் பிரான்சு நாட்டு ரூவான் நகரில் அம்மையார் மறைந்தார். பெண்கள் உயர்கல்வி நிலையங்களில் சேரலாம் என்ற ஆணை, அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1879இல்தான் பிரேஸிலில் பிறந்தது. 1954இல் அவருடைய எச்சங்கள் தாயகம் கொண்டுவரப்பட்டன. பப்பாரி இன்று நீஸியா ஃபுளோரெஸ்டா என்றே வழங்குகிறது. அவரைப் படிக்கப் புகுவோர் புகழ்பெற்ற அந்த முதல் நூலை ஒருபுறம் வைத்துவிட்டு, 1853ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குவதே அவருக்குச் செய்யும் நீதி.