விளையாட்டுலகில் எதிரே நிற்பவன்

விளையாட்டு வினையாகும் என்று முன்னோர் சொன்னது, கோலியும் சடுகுடுவும் ஆடிய பிள்ளைகளை மனத்திற்கொண்டுதான். அப்பழமொழிக்கு அவர்கள் கனவிலும் கருதியிராத பொருளொன்றை அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகளின் விஞ்ஞானக் கதைகள் தந்திருக்கின்றன. ஆடுபவனுடைய கண், காது, மெய் ஆகிய பொறிகளை ஒரு கருவி தன்வயமாக்கிக் கொள்கிறது. அவன் உடல் இருந்த இடத்திலேயே இருக்க, அவனோ வேறோர் உலகில் நடக்கிறான், உண்கிறான், போரிடுகிறான். மெய்ந்நிகர் விளையாட்டு என்று இதனை இன்று வழங்குகின்றனர். அவ்விளையாட்டில் உயிருக்கே ஊறு நேருமாயின் என்னாகும் என்பதே இக்கதைகளின் கரு.

இவற்றை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரே வினாவோடு நின்றுவிடுகின்றனர்: ஆடுபவன் காணும் உலகம் மெய்யா, பொய்யா? இது பழைய வினா. 1641ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட், வல்லமையும் வஞ்சகமும் உடைய ஓர் ஆவி தம்மை முற்றும் ஏமாற்றுவதாக வைத்துக்கொண்டு இதனை ஆராய்ந்தார். 1974இல் அமெரிக்கரான ராபர்ட் நோசிக், விரும்பிய அனுபவங்களை எல்லாம் மூளைக்கு ஊட்டும் பொறியொன்றைக் கற்பித்து, வாழ்நாள் முழுவதும் அதனுள் கிடக்க மனிதன் இசைவானா என வினவினார். இசையான் என்பதே அவர் துணிபு. ஆயினும் அவ்வாராய்ச்சியினிடையே அவர் போகிற போக்கில் ஒன்று சொல்லிச் செல்கிறார்: பிறரும் அவ்வாறே பொறிக்குள் புகலாமாதலின், அவர்களுக்குத் தொண்டாற்றவென எவரும் வெளியே நிற்க வேண்டுவதில்லையாம்! பிறர் என்னும் தொல்லை ஒரே வாக்கியத்தில் தீர்ந்தது. கதாசிரியருக்கு அந்த வசதி இல்லை. கதை என்று வந்துவிட்டால் எதிரே இன்னொருவன் நின்றே தீருவான். அவனைக் கதை என்ன செய்கிறது என்று பார்த்தால், வெறும் பரபரப்பு எது, சிந்தனை எது என்பது தெளிவாகிவிடும்.

ரெக்கி கவஹாரா எழுதி, 2009 முதல் நூல்களாக வெளிவந்த 'சோர்ட் ஆர்ட் ஆன்லைன்' என்னும் ஜப்பானியத் தொடரை இளைஞர் பலர் அறிவர். பதினாயிரம் பேர் ஒரு விளையாட்டினுள் சிறைப்படுகின்றனர். நூறு தளங்களைக் கொண்ட கோட்டையை வென்றாலன்றி விடுதலை இல்லை. உள்ளே மாண்டால் தலையில் மாட்டிய கருவி மூளையைப் பொசுக்கிவிடும். வெளியிலிருந்து யாரேனும் அதைக் கழற்ற முயன்றாலும் அதே கதிதான். அச்சமூட்டும் அமைப்பே, எனினும் சாவு மெய் என்று ஆசிரியரே தொடக்கத்தில் தீர்ப்பளித்துவிடுவதால், எஞ்சுவது வாட்போரும் காதலுமே. ஓரிடத்தில் மட்டும் கதை ஆழம் காண்கிறது. ரோசாலியா என்னும் கொள்ளைக்காரி, இங்கே இறந்தவர் வெளியிலும் இறக்கிறார் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்கிறாள். தத்துவ அறிஞரின் ஐயம் கொலைகாரியின் வாயில் சாக்குப்போக்காக மாறிவிடுகிறது. ஆசிரியர் அவ்விடத்தில் இன்னும் சற்று நின்றிருக்கலாம். அவசரமாக அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறார்.

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் சிறுகதையோ பல மடங்கு சிறியது. வேலை முழுவதும் செய்துவிடுகிறது. 1950ஆம் ஆண்டில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் முதலில் வெளிவந்து, பின்னர் 'தி வெல்ட்' என்னும் பெயரால் அறியப்பட்ட கதை அது. ஜார்ஜ் ஹாட்லி, லிடியா தம்பதியர் வாழும் வீடு உடுத்தும், ஊட்டும், தாலாட்டும். பீட்டர், வெண்டி என்னும் அவர்தம் பிள்ளைகளுக்காக அமைந்த விளையாட்டறையின் சுவர்கள், அவர்கள் நினைத்த உலகத்தை நினைத்தவாறே எழுப்பிக் காட்டும். அவர்கள் நினைப்பதோ ஆப்பிரிக்கப் புல்வெளி, கொளுத்தும் வெயில், எதையோ தின்றுகொண்டிருக்கும் சிங்கங்கள். அவ்வறையிலிருந்து அலறல் கேட்கிறது. எங்கோ கேட்டுப் பழகிய குரல்கள் போலப் பெற்றோருக்குத் தோன்றுகிறது. தந்தையின் பழைய பணப்பை மென்று குதறிய நிலையில் உள்ளே கிடக்கிறது. அறையை மூடிவிட முனைந்தபோது பிள்ளைகள் அவர்களை உள்ளே அழைத்துக் கதவைப் பூட்டுகின்றனர். அலறும்போதுதான் தெரிகிறது, முன்பு கேட்டவை யார் குரல்கள் என்று.

சுவரில் தோன்றிய சிங்கத்துக்குப் பல் முளைத்தது எவ்வாறு என்பதை ஆசிரியர் விளக்கவில்லை. விஞ்ஞானக் கதைக்கு இது குற்றமென்று சொல்வோர் இருக்கலாம். கதையின் நுட்பம் அதுவன்று. பிள்ளைகள் பெற்றோரை அன்று ஒரு நாள் மட்டும் கொல்லவில்லை; பலநாள் ஒத்திகை பார்த்துவிட்டனர். ஒவ்வொரு நாளும் தந்தை தாயின் உருவங்கள் சிங்கங்களுக்கு இரையாகி, மறுநாள் காலை அவ்விருவரும் உண்ணும் மேசையில் வந்து அமர்ந்திருப்பர். மேசையில் இருப்பவர் மெய், அறையில் மாண்டவர் நிழல் என்னும் வேறுபாடு பிள்ளைகளின் உள்ளத்தில் எந்நாள் தேய்ந்ததோ அந்நாளிலேயே கொலை முடிந்துவிட்டது. பிள்ளை வளர்ப்பைச் சுவரிடம் ஒப்படைத்துவிட்டு, சுவர் மீது பிள்ளைகளுக்கு அன்பு மிகுந்ததே என வருந்தும் அப்பெற்றோர் மீதும் பிராட்பரி இரக்கம் காட்டவில்லை. முடிவில் மனநூல் வல்லுநர் வருகிறார். தொலைவில் சிங்கங்கள் தின்கின்றன. வெண்டி மிக மரியாதையாக அவருக்குத் தேநீர் கொடுக்க முன்வருகிறாள். அந்த மரியாதைதான் நெஞ்சை உறைய வைக்கிறது; பள்ளியிலே நல்ல பெயர் எடுக்கக்கூடிய பிள்ளை அவள்.

பிராட்பரி தொட்ட இடத்தை முழுதும் தோண்டிப் பார்த்தது ஒரு திரைப்படம். கனடா நாட்டு இயக்குநர் டேவிட் குரோனன்பெர்க் 1999இல் உருவாக்கிய 'எக்சிஸ்டென்ஸ்' அது. உயிர்த்தசையால் ஆன விளையாட்டுக் கருவி, தொப்புட்கொடி போன்ற குழாயால் ஆடுபவரின் முதுகுத்தண்டில் இணைகிறது. அலெக்ரா கெல்லர் அவ்விளையாட்டைப் படைத்தவள். அவள் உயிருக்குக் குறிவைக்கப்பட்டிருக்கிறது. எழுத்துக்காக மரணத் தீர்ப்புக்கு ஆளான சல்மான் ருஷ்டியை 1995இல் குரோனன்பெர்க் பேட்டி கண்டார். இப்படத்தின் வித்து அங்கிருந்து வந்தது. படம் குறையற்றதன்று. நடுப்பகுதியில் ஒற்றர், எதிரொற்றர் என்று கதை சிக்குண்டு இழுபடுகிறது. அருவருப்பான காட்சிகளில் இயக்குநர் அளவுமீறி மகிழ்கிறார்.

ஆனால் ஓர் உணவுக்கடைக் காட்சி உண்டு. அலெக்ராவும் அவளுடன் ஆடும் டெட் பைக்கலும் விளையாட்டினுள் ஒரு சீன உணவகத்தில் அமர்ந்திருக்கின்றனர். தட்டில் கிடந்த எலும்புகளைக் கோத்துத் துப்பாக்கியாக்கிய டெட்டுக்குப் பரிமாறுபவனைச் சுட வேண்டுமென்ற உந்தல் எழுகிறது. தயங்குகிறான். உன்னால் தடுத்துக்கொள்ள இயலாது என்கிறாள் அலெக்ரா. சுடுகிறான். மற்றவர்கள் திடுக்கிடுகின்றனர்; கணக்கில் ஏதோ சிறு தகராறு என்றதும் மீண்டும் உண்ணத் தொடங்குகின்றனர். கயிற்றைப் பாம்பென்று கருதினால் அஞ்சுபவனுக்கே துன்பம். மனிதனைப் பொம்மையென்று கருதினால் துன்பம் யாருக்கு? மாயை பற்றிய பேச்சில் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பிழை என்பதை அக்காட்சி உணர்த்துகிறது.

அதே 1999இல் வந்து பெரும்புகழ் பெற்ற 'மேட்ரிக்ஸ்' படத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அதிலும் பொய்யுலகம் உண்டு. ஆனால் அங்கே நாயகன் சுட்டு வீழ்த்தும் காவலர்கள், வேறிடத்தில் உறங்கிக் கிடக்கும் மெய்யான மனிதர்கள். படம் அவர்களுக்காக ஒரு கணமும் நிற்கவில்லை. கறுப்பு உடையின் அழகிலே மயங்கி நடக்கிறது.

குரோனன்பெர்க் நிற்கிறார். இறுதியில் எல்லாரும் கண்விழிக்கின்றனர். அதுவரை நிகழ்ந்தது மற்றொரு விளையாட்டு. அலெக்ரா, டெட் என்று நடமாடியவர்களும் அதில் பங்கேற்ற இருவரே. அவ்விருவரும் துப்பாக்கி எடுத்து விளையாட்டைப் படைத்தவனைச் சுட்டுக் கொன்று வாயிலை நோக்கி நடக்கின்றனர். வழியில் நிற்பவன், சற்று முன் உணவகத்தில் பரிமாறுபவனாக வந்து மாண்ட அதே மனிதன். துப்பாக்கி அவன் பக்கம் திரும்புகிறது. கைகளை உயர்த்திய அவன், இன்னும் விளையாட்டினுள்தான் இருக்கிறோமா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறான்.

டேக்கார்ட் தம் அறையில் அமர்ந்து கேட்ட வினாவும் ஏறத்தாழ அதுவே. இங்கே அதைக் கேட்பவன் ஆடுபவனல்லன், சுடப்பட இருப்பவன். கருவி ஏந்தியவனுக்கு அவ்வையம் ஓர் இன்பம். எதிரே நிற்பவனுக்கு விடையில் உயிர் தொங்குகிறது. அவ்விருவரும் பேசவில்லை. படம் அவ்வளவில் முடிகிறது.