காமன் கூத்தில் வேடமும் வேடமற்றோரும்

நுவரெலியா, அற்றன் பகுதித் தோட்டங்களில் மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தைப் பற்றி எழுதுவோர் பலர், ரதி மதன் வேடங்களின் அழகில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றனர். முடி, புஜக்கட்டு, மினுங்கும் அணிகள், அரிதாரம் ஆகியன கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. ஆயின், அவற்றை அணிபவன் யார் என்னும் வினாவை எழுப்பாத விவரணம் அரும்பொருட்காட்சிப் பட்டியலாகவே முடியும்.

கதை யாவரும் அறிந்ததே. சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மதனை ஏவுகின்றனர், ரதி தடுக்கிறாள், அவன் சென்று நெற்றிக்கண்ணால் எரிகிறான், அவள் இறைஞ்ச, அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படுமாறு மீள்கிறான். காளிதாசரின் குமாரசம்பவத்திலும் கச்சியப்பரின் கந்தபுராணத்திலும் இது முருகன் பிறப்புக்கு முன்னிகழ்ச்சி. கூத்தில் மையம் இடம்பெயர்கிறது. மேலிடத்து ஆணைக்குப் பணிந்து அழியும் கணவனும், அவ்வழிவுக்கு நியாயம் கேட்கும் மனைவியுமே இரவை நிறைக்கின்றனர். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனத் தலையெண்ணிப் பகுக்கப்பட்ட மக்களுக்கு, தம்மைக் கேளாமல் மேலே முடிவாகும் ஆணை வெறும் புராணச் செய்தி அன்று.

இனி வேடத்துக்கு வருவோம். கிழிந்த உடையுடன் மேடையேறினும் பாத்திரத்துக்குப் பொருந்தா உடையுடன் ஏறலாகாது என்பது சீன இசைநாடகக்காரரின் மரபு மொழி. அங்கு உடையே பாத்திரத்தின் தகுதியை அறிவிப்பது. காமன் கூத்தில் அத்தகுதியைத் தருவது மணிக்கட்டில் கட்டும் காப்பு. முடியும் புஜக்கட்டும் இரவோடு களையப்படுவன. காப்போ விரதம் முடியும்வரை உடன் இருப்பது. தொழிலாளியையும் மதனையும் ஒரே உடலில் பிணைக்கும் அக்கயிற்றை நமது வருணனைகள் ஒரு சொல்லில் கடந்துவிடுகின்றன.

ரதி வேடத்தை ஆணே புனைவது மரபு. ஒப்பாரி பெண்களின் கலை. நாளெல்லாம் கொழுந்து பறித்தவள் கூத்துக்களத்தில் தன் புலம்பலை ஓர் ஆணின் வாயிலாகக் கேட்கிறாள். இதனை மரபு என்று மட்டும் கூறி அமைவது ஆய்வாகாது.

இவை அனைத்தையும் இயக்குவது தப்பு. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பத் தோட்டங்களில் ஒலித்ததும் அதே கருவிதான். துரைத்தனத்தின் கட்டளையாகப் பகலைத் தொடக்கிய தோல், மாசி இரவில் அம்மக்களின் சொந்த ஆட்டத்துக்கு அடி கொடுத்தது. அதை அடிப்போருக்கு முடியும் இல்லை, புஜக்கட்டும் இல்லை. தப்படித்தலைச் சாதித் தொழிலாகச் சுமத்திய வழக்கமே உண்டு. நகர மண்டபத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சியாகக் கூத்தைச் சுருக்குவோர் ரதியையும் மதனையும் நடுவே நிறுத்தித் தப்புக்காரரைத் திரையோரத்துக்குத் தள்ளுவாராயின், அவர்கள் காப்பாற்றுவது உடுப்புப் பெட்டியை மட்டுமே. ஒளிப்பதிவு செய்ய முனையும் மாணவர் முதலிற் குறித்துக்கொள்ளவேண்டியது, தீ மூட்டித் தோலைக் காய்ச்சும் அந்த வேடமற்ற மனிதர் இன்ன அடியை இன்ன கட்டத்துக்கு ஏன் மாற்றுகிறார் என்பதையே.